ஒரே டிக்கெட், இரண்டு வாசல்: தென்னாப்பிரிக்க நிறவெறிச் சட்டம் அன்றாடம் எப்படி ஓடியது?

நடைபயணி (இழை தொடங்கியவர்) · ஞாயிறு, காலை 9:12

போன மாதம் நானும் மனைவியும் ஜோகன்னஸ்பர்க்கில் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே நிறவெறி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். டிக்கெட் வாங்கினால் எனக்கு ‘வெள்ளையர்’ என்று அச்சடித்த சீட்டு, அவளுக்கு ‘வெள்ளையர் அல்லாதோர்’. ஆளைப் பார்த்துத் தருவதில்லை, கைக்கு வந்ததைத் தருகிறார்கள். ஆனால் வாசல் நிஜமாகவே வேறு வேறு. உள்ளே கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

சில நிமிடங்கள்தான். ஆனால் அவளுடைய மூக்குக்கண்ணாடி எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும், அன்றைக்கும் அப்படித்தான். வெளியே வந்து சேர்ந்ததும் “நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க, எனக்கு ஒரு எழுத்தும் தெரியலை” என்று கோபித்துக்கொண்டாள். அந்தக் கோபம்தான் இந்த இழைக்குக் காரணம்.

மண்டேலா, அவர் சிறையிருந்த ராபன் தீவு எல்லாம் நமக்குத் தெரியும். எனக்குப் புரியாதது இதுதான்: சட்டம் போட்டுவிட்டார்கள், சரி. கோடிக்கணக்கான பேரைத் தினமும் காலையில் எழுந்து யார், எப்படிப் பிரித்தார்கள்? யார் எந்த வாசலில் போக வேண்டும் என்று எப்படி முடிவானது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சட்டப்புத்தகம் · ஞாயிறு, காலை 10:40

நல்ல கேள்வி சார். எல்லாம் காகிதத்தில்தான் தொடங்கியது.

1948 தேர்தலில் தேசியக் கட்சி ஜெயித்தது. அடுத்த ஐந்தே வருடத்தில் சட்டத்துக்கு மேல் சட்டம். 1949இல் கலப்பு மணத் தடை. 1950இல் ஒவ்வொருவரும் எந்த இனம் என்று எழுதிவைக்கும் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம், அதே வருடம் யார் எங்கே குடியிருக்கலாம் என்று சொல்லும் குழுப் பகுதிகள் சட்டம். 1953இல் தனி வசதிகள் சட்டமும், ஆப்பிரிக்கருக்குத் தனிக் கல்வி என்ற பாண்டு கல்விச் சட்டமும். இவற்றில் ஆணிவேர் மக்கள்தொகைப் பதிவுதான். மற்ற சட்டங்கள் எல்லாம் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் வேலை செய்தன.

அதில் வெள்ளையர் யார் என்பதற்குக் கொடுத்த வரையறை, பார்த்தாலே வெள்ளையராகத் தெரிகிறவர், அல்லது வெள்ளையர் என்று ஊரில் ஏற்கப்பட்டவர். சட்டம் படித்த எனக்கு இதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை. சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்திருக்கிறார்கள். நழுவி விழுந்தால் ஒரு இனம், சிக்கி நின்றால் வேறு இனம். 1966இல் வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த பத்து வயதுப் பெண் ஒருத்தியை, நிறம் கறுத்திருக்கிறது, முடி சுருண்டிருக்கிறது என்று பள்ளி விடுதியிலிருந்து போலீஸை விட்டு வெளியேற்றினார்கள். பதிவேட்டிலும் ‘கலப்பினத்தவர்’ என்று மாற்றி எழுதினார்கள். அடுத்த வருடம் சட்டம் திருத்தப்பட்டு மறுபடி ‘வெள்ளையர்’ ஆனாள். ஒரே பெண், ஒரே பெற்றோர்.

இன்னொரு பக்கம், ஜப்பானுடன் வியாபாரம் பெருகியதும் 1960களில் ஜப்பானியருக்கு ‘கௌரவ வெள்ளையர்’ என்று இடம் கிடைத்தது.

1953 தனி வசதிகள் சட்டம் ஏன் வந்தது என்பதும் சுவாரசியம். கேப் டவுன் ரயில் நிலையத்தில் வெள்ளையருக்கான காத்திருப்பு அறையில் ஒரு ஆப்பிரிக்கர் போய் உட்கார்ந்தார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பிரிக்கலாம், ஆனால் வசதி சமமாக இருக்க வேண்டும், இங்கே சமமாக இல்லை என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அரசு என்ன செய்தது? சமமாக இல்லை என்பதற்காகவோ, ஒரு தரப்புக்கு வசதியே இல்லை என்பதற்காகவோ ஒரு பிரிவினை செல்லாமல் போகாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் ‘தனி, ஆனால் சமம்’ என்று பேச்சுக்காவது சொன்னார்கள். இங்கே அந்தப் பேச்சும் கிடையாது.

மலர் டீச்சர் · ஞாயிறு, மதியம் 12:05

பாஸ் புத்தகம் பற்றி யாராவது விரிவாக எழுதுங்களேன். நமக்கு பாஸ் புத்தகம் என்றால் வங்கிதான் ஞாபகம் வரும். பிள்ளைகளுக்குச் சொன்னால் ‘அடையாள அட்டை மாதிரிதானே மிஸ்’ என்கிறார்கள்.

சட்டப்புத்தகம் · ஞாயிறு, மதியம் 12:51

டீச்சர், அடையாள அட்டை நீங்கள் யார் என்று சொல்லும். இது நீங்கள் அந்தத் தெருவில் நிற்கலாமா என்று சொல்லும்.

1952இல் இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். சட்டத்தின் பெயரில் ‘பாஸ் ஒழிப்பு’ என்றே இருக்கும்! பல காகிதங்களாக இருந்ததை ஒழித்து ஒரே புத்தகமாகக் கட்டிக் கொடுத்தார்கள், அதுதான் ஒழிப்பு. போட்டோ, கைரேகை, வரி கட்டிய விவரம், எங்கே இருக்க அனுமதி, முதலாளியின் கையெழுத்து எல்லாம் அதில். 16 வயது நிரம்பிய ஒவ்வொரு ஆப்பிரிக்கரும் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். சிகரெட் வாங்க வாசலுக்கு வந்தாலும் வேண்டும். மக்கள் அதை ‘டோம்பாஸ்’ என்றார்கள், முட்டாள் பாஸ்.

நகரத்துக்குள் 72 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டுமானால் தகுதி வேண்டும். அங்கேயே பிறந்து இடைவிடாமல் வாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே முதலாளியிடம் 10 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், அதுவும் இல்லையா, சட்டப்படி 15 வருடம் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இப்போது யோசியுங்கள். ஒன்பது வருடம் ஓரிடத்தில் உழைத்தவர் சம்பளம் பற்றி வாய் திறப்பாரா? வெளியே போ என்று சொல்லிவிட்டால் வேலை மட்டுமா போகிறது, அந்த ஊரில் இருக்கும் உரிமையும் தள்ளிப்போகிறது. மலிவான கூலிக்கு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் இங்கே குடும்பம் நடத்தக் கூடாது. இந்த ஏற்பாட்டின் பொருளாதாரமே இதுதான் என்பது என் கருத்து.

1916 முதல் 1980களின் நடுப்பகுதி வரை பாஸ் சட்டங்களில் பிடிபட்டவர்கள் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் என்று ஒரு கணக்கு உண்டு.

மலர் டீச்சர் · ஞாயிறு, மதியம் 1:20

வீட்டு வேலை செய்த பெண்களின் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளையர் வீட்டுக் கொல்லைப்புற அறையில் தங்கி அந்த வீட்டுக் குழந்தைக்குச் சோறூட்ட வேண்டும். தன் குழந்தையோ எங்கோ கிராமத்தில் பாட்டியிடம் வளரும். புருஷன் ஒரு ராத்திரி வந்து தங்கினால் அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

முதலில் பெண்களுக்கு பாஸ் இல்லை, 1950களில்தான் கட்டாயமாக்க வந்தார்கள். 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு மாளிகைக்குப் போனார்கள். லிலியன் இன்கோயி, ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் ஆகிய நால்வர் முன்னால். கறுப்பர், வெள்ளையர், இந்தியர், கலப்பினத்தவர், நாலு பெட்டியிலிருந்தும் ஆளுக்கு ஒருவர்! பிரதமர் ஸ்டிரைடம் வெளியே வரவில்லை. மனுக்கட்டுகளை வைத்துவிட்டு, அத்தனை பேரும் அரை மணி நேரம் பேசாமல் நின்றார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தவர்களும் அதில் உண்டு. எங்கள் பள்ளியில் நாற்பது பிள்ளைகளை ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

குறுக்குச்சால் · ஞாயிறு, மாலை 4:33

எல்லாம் சரி. ஆனால் நாலு பெட்டியும் ஒன்றாக நின்றது என்று படம் வரைய வேண்டாம். அங்கிருந்த நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? கடை வைத்தார்கள், நிலம் வாங்கி வாடகைக்கு விட்டார்கள், வெள்ளைக்காரனுக்கு அடுத்த படியில் உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவனைப் பார்த்து முகம் சுளித்தார்கள். காந்தி அங்கே போன புதிதில் டர்பன் தபால் நிலையத்தில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒரே வாசலில் போக வேண்டியிருக்கிறது என்று புகார் கொடுத்து, மூன்றாவது வாசல் வைக்கச் செய்த கதை தெரியுமா? நடைபயணி சார் பார்த்தது இரண்டு வாசல்தான்.

கப்பல்காரன் · ஞாயிறு, இரவு 8:15

குறுக்குச்சால், தபால் நிலையக் கதை உண்மைதான், 1890களில் நடந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ‘நம் ஆட்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக 1860 முதல் போனவர்களின் பிள்ளைகள் வேறு, காசு போட்டுக் கப்பலேறிப் போன வியாபாரிகள் வேறு. தமிழர்களில் பெரும்பாலோர் முதல் வகை.

நான் கப்பலில் எஞ்சினியராக இருந்தவன். டர்பன் துறைமுகத்துக்கு 1990களின் கடைசியிலிருந்து பலமுறை போயிருக்கிறேன். அதற்கு முன்னால் நினைத்தாலும் போயிருக்க முடியாது, என் அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டில் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று அச்சிட்டிருக்கும். 1946இலேயே அந்த நாட்டுடன் வியாபாரத்தை நிறுத்திய தேசம் நம்முடையது.

துறைமுகத்தில் பழக்கமான ஒரு தமிழ் நண்பர் டர்பனில் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவருக்குத் தமிழ் வராது. அவருடைய அம்மாவுக்கு, அப்போதே எண்பதைத் தாண்டியவர், பாதித் தமிழ் வரும். “நீ எந்த ஊரு தம்பி” என்று மட்டும் அப்பழுக்கில்லாமல் கேட்டார். அவர்கள் முன்பு இருந்தது கேட்டோ மேனர். மேட்டு நிலம், மாமரம், பலாமரம், கொல்லையில் கீரை, நடந்து போகிற தூரத்தில் கோயில். குழுப் பகுதிகள் சட்டத்தில் அது வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. கடிதம் வந்தது, பணம் என்று ஏதோ கொடுத்தார்கள், சாட்ஸ்வொர்த்தில் ஒட்டினாற்போல் வரிசை வீடு. “மரத்துக்கு எவ்வளவுன்னு அவன் எழுதவே இல்ல” என்றார் பாட்டி. அதையே மூன்று முறை சொன்னார்.

இதில் கொடுமை என்னவென்றால், அத்தனை பேரை விரட்டிவிட்டு அங்கே பெரிதாக எதுவும் கட்டவில்லை. பல பத்தாண்டுகள் புல் மண்டிக் கிடந்தது. சில கோயில்கள் மட்டும் இடிபடாமல் நின்றன, விரட்டப்பட்டவர்கள் திருவிழாவுக்குத் திரும்பி வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கேப் டவுனில் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் கதையும் அதேதான். 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து 60,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள், இடம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுனில் மட்டும் 1955இல் ஆப்பிரிக்கர்களை லாரியில் ஏற்றி மெடோலண்ட்ஸில் கொட்டிவிட்டு, வெள்ளையருக்கு வீடு கட்டி, ஊருக்கு ‘ட்ரையோம்ஃப்’, அதாவது வெற்றி, என்று பெயரும் வைத்தார்கள்.

குறுக்குச்சால் · ஞாயிறு, இரவு 8:50

கேட்டோ மேனரில் பாட்டி வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு வாடகைக்கு இருந்த ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லையா?

கப்பல்காரன் · ஞாயிறு, இரவு 9:37

சொன்னார். 1949 ஜனவரியைப் பற்றிச் சொன்னார்.

டர்பன் சந்தைப் பக்கம் ஒரு இந்தியக் கடைக்காரருக்கும் ஒரு ஆப்பிரிக்கப் பையனுக்கும் தகராறு. பையனுக்கு அடி, ரத்தம். மறுநாள் கேட்டோ மேனர் எரிந்தது. மொத்தம் 142 பேர் செத்தார்கள். அதில் ஆப்பிரிக்கர் 87, இந்தியர் 50. ஆப்பிரிக்கர்களில் பலர் போலீஸும் ராணுவமும் சுட்டதில் இறந்தவர்கள். பாட்டி வீட்டாரை ஒளித்து வைத்தது அவர்கள் வீட்டில் குடியிருந்த ஜூலு குடும்பம். “வாடகை அதிகம்தான் வாங்கினாரு எங்க மாமனாரு” என்றும் அவரே சொன்னார். நான் கேட்கவில்லை.

குறுக்குச்சால் சொல்கிற படி, அதாவது படிக்கட்டு, நிஜம். அந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருக்கிறது. உனக்குக் கீழே ஒருவனை வைத்து, அவனைவிட உனக்கு ஒரு பிடி அதிகம் கொடு. அந்தப் பிடியைக் காப்பாற்றுவதிலேயே உன் ஆயுசு போய்விடும்.

ஆனால் 1949க்கு இரண்டு வருடம் முன்பே ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் சூமாவும், டிரான்ஸ்வால் இந்தியர் தலைவர் தாதூவும், நேட்டால் இந்தியர் தலைவர் மாண்டி நாயக்கரும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்து வேலை செய்வது என்று முடிவெடுத்திருந்தார்கள். மூவரும் டாக்டர்கள், அதனால் டாக்டர்கள் ஒப்பந்தம் என்றே பெயர். கலவரத்துக்குப் பிறகு அந்தக் காகிதம் கிழியாமல் இருந்ததுதான் பெரிய விஷயம். 1952இல் ஜூன் 26 அன்று சட்டமீறல் இயக்கம் தொடங்கியபோது பாக்ஸ்பர்க்கில் அனுமதி இல்லாமல் ஆப்பிரிக்கர் குடியிருப்புக்குள் நுழைந்து கைதான குழுவில் ஆப்பிரிக்கரான வால்டர் சிசுலுவும் இந்தியரான நானா சீதாவும் சேர்ந்து போனார்கள். அந்த இயக்கத்தில் சிறை போனவர்கள் 8,000க்கு மேல்.

ஆட்டக்களம் · திங்கள், காலை 7:02

விளையாட்டுப் பக்கம் கொஞ்சம். டர்பன் இந்தியர் பாப்வா சேவ்கோலம் என்று ஒரு கோல்ஃப் வீரர். பள்ளிக்கூடம் போகாதவர், கோல்ஃப் மைதானத்தில் மற்றவர்களின் பை தூக்கியே கற்றுக்கொண்டவர். மட்டையைக் கை மாற்றித் தலைகீழாகப் பிடிப்பார். ஹாலந்து ஓபனை மூன்று முறை ஜெயித்தார். 1963இல் நேட்டால் ஓபனில் வெள்ளை வீரர்களை ஜெயித்தபோது கிளப் கட்டடத்துக்குள் அவருக்கு அனுமதி இல்லை, வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 1965இல் தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற வெள்ளை வீரர் கேரி பிளேயரையே ஜெயித்தார். அப்புறம் போட்டிகளுக்கு வரவே கூடாது என்று அரசு தடுத்துவிட்டது.

நம் ஊர் சம்பந்தம் ஒன்று: 1974 டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டியில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மோத வேண்டும். விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் நல்ல ஃபார்மில் இருந்த நேரம். இந்தியா விளையாட மறுத்தது, கோப்பை அவர்களுக்குப் போனது. என் மாமா இன்றைக்கும் ‘ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம்’ என்பார். மறுத்தது தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

குறுக்குச்சால் · திங்கள், காலை 11:18

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வெளிநாட்டுத் தடையும் விளையாட்டுப் புறக்கணிப்பும் வெளிநாட்டு வங்கிகள் கடன் இல்லை என்று கையை விரித்ததும்தான் அந்த ஆட்சியை முடித்தது. அரை மணி நேரம் பேசாமல் நின்றால் சட்டம் மாறிவிடுமா? 1956இல் நின்றார்கள், பெண்களுக்கும் பாஸ் வந்ததா இல்லையா?

சட்டப்புத்தகம் · திங்கள், மதியம் 2:44

வந்தது, மறுக்கவில்லை. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் பாஸ் இல்லாமல் வந்து ‘எங்களைக் கைது செய்’ என்று காவல் நிலையத்தின் முன் கூடியவர்களில் 69 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பலருக்கு முதுகில் குண்டு. அதற்குப் பிறகும் பாஸ் கால் நூற்றாண்டு இருந்தது.

ஆனால் வெளிநாட்டு வங்கி ஏன் கையை விரித்தது? தானாகவா ஞானம் வந்தது? உள்ளே நாடு ஓடாமல் நின்றது, அதனால். 1973 ஜனவரியில் டர்பனில் ஒரு செங்கல் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம், தொழிற்சாலை விட்டுத் தொழிற்சாலை தாவியது. ஆப்பிரிக்கர் வேலைநிறுத்தம் செய்வதே கிட்டத்தட்ட குற்றம் என்றிருந்த காலம். யார் தலைவர் என்று முதலாளிகள் கேட்டால் ஆள் முன்னால் வரவில்லை, வந்தால் பிடித்துவிடுவார்கள் என்று தெரியும். 1976 ஜூன் 16இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து சொவேட்டோ பிள்ளைகள், ஆண்ட வெள்ளையரின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பாடம் வேண்டாம் என்று தெருவுக்கு வந்தார்கள். 1984இல் இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டும் தனித்தனி நாடாளுமன்ற அவை கொடுத்து, படிக்கட்டில் இன்னும் ஒரு படி ஏற்றிவைக்கப் பார்த்தார்கள். பதிவு செய்த இந்திய வாக்காளரில் ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டுப் போட்டது. குறுக்குச்சால், இதையும் ‘நம் ஆட்கள்’ கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1986இல் பாஸ் சட்டம் போனதற்குக் காரணம், அதை மீறி நகரத்துக்கு வந்துகொண்டே இருந்தவர்களை அடக்க முடியாமல் போனதும்தான். 1991இல் குழுப் பகுதிகளும் பதிவேடும் ரத்து. 1994 ஏப்ரல் 27இல் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டு.

மலர் டீச்சர் · திங்கள், மாலை 5:30

நடந்தே ஜெயித்த கதை ஒன்று இருக்கிறது, குறுக்குச்சாலுக்காக.

1957 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து அலெக்சாண்ட்ராவில் பேருந்துக் கட்டணத்தை 4 பென்ஸிலிருந்து 5 பென்ஸ் ஆக்கினார்கள். ஒரு பென்னிதானே என்று தோன்றும், அந்தக் கூலியில் அது ஒரு வேளை ரொட்டி. ‘அஸிக்வெல்வா’, ஏற மாட்டோம், என்று சொல்லிவிட்டார்கள். நகரத்துக்கு ஒன்பது மைல். விடிகிற முன் கிளம்பி நடந்து, நாள் முழுக்க வேலை பார்த்து, இருட்டில் நடந்து திரும்ப வேண்டும். மழைக்காலம் வேறு. லிஃப்ட் கொடுத்த கார்களைப் போலீஸ் நிறுத்தித் தொல்லை கொடுத்தது. சுமார் மூன்று மாதம் இப்படி. கடைசியில் பழைய 4 பென்ஸுக்கே பயணம் செய்ய வழி செய்தார்கள், மிச்சத்தை முதலாளிகள் தலையில் கட்டிச் சட்டம் வந்தது.

கட்டணத்துக்கான போராட்டம்தான், பாஸ் சட்டத்துக்கு எதிரானது இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் நகரத்துக்கு ஒன்பது மைல் தள்ளி அவர்களைக் குடிவைத்தது யார்?

குறுக்குச்சால் · திங்கள், மாலை 6:02

சரி டீச்சர், இதற்கு என்னிடம் பதில் இல்லை. தபால் நிலைய வாசலை மட்டும் நான் வாபஸ் வாங்கவில்லை.

நடைபயணி · திங்கள், இரவு 9:20

எல்லோருக்கும் நன்றி. மனைவிக்கு முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினேன், இந்த முறை கண்ணாடியை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான். கப்பல்காரன் அண்ணா, அந்தப் படிக்கட்டு சிறைக்குள்ளும் இருந்ததா என்று கேட்கச் சொல்கிறாள். ராபன் தீவுக்கு எங்களால் போக முடியவில்லை, அன்றைக்குக் காற்று என்று படகை நிறுத்திவிட்டார்கள்.

கப்பல்காரன் · திங்கள், இரவு 10:48

சிறைக்குள்தான் அது எழுத்திலேயே இருந்தது. சாப்பாட்டு அளவை அட்டையில் எழுதியிருக்கிறார்கள், இப்போதும் சுற்றிக்காட்டும்போது காட்டுவார்கள். கலப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் ஒரு பத்தி, ஆப்பிரிக்கருக்கு இன்னொரு பத்தி. இறைச்சி, கொழுப்பு எல்லாம் இரண்டாவது பத்தியில் குறையும். ஜாம் அங்கே கிடையாது. ரொட்டியும் கிடையாது. உடையிலும் அதே கதை. இந்தியரான கத்ரடாவுக்கு முழுக்கால் சட்டை, ஒரே வழக்கில் தண்டனை பெற்ற மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டை. கத்ரடாதான் அவர்களில் இளையவர்.

கூடுதலாகக் கிடைத்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று உள்ளே பேச்சு வந்தது. கையில் இருப்பதை விட வேண்டாம், எல்லோருக்கும் அதே அளவு கொடு என்று கேட்போம் என்றுதான் முடிவானது. அதுவரை ரொட்டியை ரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். உணவு சமமாவதற்கு 1970களின் கடைசி ஆகிவிட்டது.

நான் போனபோது சுற்றிக்காட்டியவர் அங்கேயே கைதியாக இருந்தவர். எங்கள் குழுவில் ஒவ்வொருவரையும் எந்த நாடு என்று கேட்டுக்கொண்டே வந்தார். இந்தியா என்றேன். அட்டையில் ஒரு வரியில் விரலை வைத்து, “உனக்கு ரொட்டி உண்டு” என்றார். பக்கத்தில் கென்யாக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்கு நடந்தார்.